ஓரத்தில் நிற்பவர்கள்

கொக்கு அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவள் நான்தான். டாக்டருக்கு முன்னால், அவர் மனைவிக்கு முன்னால், ஏன், அவருக்கே முன்னால். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டு விஷயம், நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். யார் சட்டையில் எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற எனக்கு, இதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

எனக்குத் தையல் வேலை. மெஷின் பின் ஜன்னலோரம் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுக் கொல்லை. ஒரு கொய்யா மரம், துவைக்கிற கல், துணிக்கொடி, செம்பருத்திப் புதர், பறவைகளுக்கென்று வைத்த தண்ணீர்ச் சட்டி. இருபது வருஷமாக ஊசியில் நூல் கோத்து நிமிரும்போதெல்லாம் அந்தக் கொல்லையில்தான் என் கண் விழுகிறது. அந்த வீட்டுச் சண்டை எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. சமாதானமும் அப்படித்தான்.

ஆள் நெட்டை, கழுத்து அதைவிட நெட்டை. ஏரியில் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பார். அதனால் கொக்கு என்று பேர் விழுந்தது. அவருக்கே அதில் கொஞ்சம் பெருமை. பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிக் கூட்டிவருவதுதான் அவர் பிழைப்பு. எட்டு சீட்டு வேன். விடியுமுன்னே கிளம்பி ஏரிக்கோ உப்பளத்துக்கோ மலைக்கோ போவார்கள். வருகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள், பெரிய வேலையில் இருந்து ஓய்ந்தவர்கள். என் கை நீளத்துக்குக் காமிரா வைத்திருப்பார்கள். கொசுவிடம் கடி வாங்கவும் சேற்றில் செருப்பைத் தொலைக்கவும் இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொருவரும் கையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, பார்த்த பறவைக்கு நேரே கோடு போடுவார்கள். கோடு போட்ட பிறகு அந்தப் பறவை இருந்தால் என்ன, பறந்தால் என்ன.

காட்டுகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அண்ணனிடம் ஒன்று இருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே பார்ப்பார். எழுபது எண்பது அடி தள்ளி, ஒரு புளியமரத்தின் பொந்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஆந்தை அவருக்குத் தட்டுப்படும். ‘பிரேக் போட்டா மூச்சுக்கூட விடாதீங்க’ என்று சொல்லி வண்டியை நிறுத்துவார். அதற்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வண்டியை அண்ணி தேய்த்துக் கழுவுகிற அழகைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகிறாள் என்று தோன்றும். பயணத்துக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் கட்டிக்கொடுப்பது, பிளாஸ்கில் டீ ஊற்றுவது, வந்தவர்களின் சேறு படிந்த பூட்ஸைக் கழுவிக் காயப்போடுவது எல்லாம் அவள்தான். அவர் ஊரில் இல்லாத நாளில் கொல்லைக்கு வந்த பறவைகளை நோட்டில் எழுதுவதும் அவள்தான். ‘நம்ம கொல்லை எழுதலேன்னா காடு எதுக்கு’ என்பார் அண்ணன். வெளியில் ஆயிரம் பார்த்தாலும் வீட்டு நோட்டில் ஒன்றுகூட விடக்கூடாது.

முதலில் டீயில்தான் ஆரம்பித்தது.

அண்ணன் கொய்யா மரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி இடது பக்கமாக வந்து டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள். நான் பாவாடைக்கு மடிப்பு அடித்துக்கொண்டே பார்த்தேன்.

“டீ என்ன ஆச்சு?” என்றார் அவர், நேரே பார்த்தபடி.

“கை கடுக்க நீட்டிக்கிட்டு நிக்கிறேன். எந்தக் குருவியோட குடித்தனம் நடத்திக்கிட்டு இருக்கீங்க?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு வாரத்தில் தண்ணீர்ச் சட்டியை இடறி உடைத்தார். துணிக்கொடிக் கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டார். வண்டியின் இடது பக்கத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். சட்டியை எவளோ நகர்த்தி வைத்தாள். கம்பம் சாய்ந்துவிட்டது. கேட்டு குறுகல். அந்தக் கேட்டில் அவர் பதினெட்டு வருஷமாக வண்டி விட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு உறைத்தது வேறு ஒரு விஷயத்தில். ஒரு நாள் தலைக்கு மேலே வல்லூறு ஒன்று தாழப் பறந்து போனது. கொல்லையில் இருந்த குருவி எல்லாம் கத்திக்கொண்டு புதருக்குள் பாய்ந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நானே பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை.

“என்ன கலாட்டா?” என்றார்.

அண்ணி கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டாள். அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போன வேகத்தில் அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“கடைசி வரி வரைக்கும் படிச்சேன் தங்கச்சி. கடைக்காரன் எழுந்து வந்து கை குடுத்தான். இந்த வயசுல இப்படிக் கண்ணான்னு கேட்டான். உங்க அண்ணிக்குத்தான் கண்ணாடி வேணுமாம்.”

அண்ணிக்கு உண்மையாகவே கண்ணாடி வேண்டியிருந்தது. வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தக் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போக இரண்டு மாதம் ஆனது. போய் வந்த அன்று அவள் சுவரோரம் வந்து நின்று சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை.

“ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள்ள தலைய வைக்கச் சொன்னாங்க. நடுவுல ஒரு விளக்கு. அதையே பாக்கணும். ஓரத்துல எங்க புள்ளி மின்னினாலும் கையில இருக்கிற பொத்தான அமுக்கணும். அமுக்கினா டிக்குனு சத்தம் கேக்கும். எனக்கு முன்னாடி ஒரு கிழவிக்கு வச்சாங்க, டிக்கு டிக்குனு மழை மாதிரி கேட்டுச்சு. இவருக்கு வச்சாங்க. நான் கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். கேக்கவே இல்ல. அந்த நர்ஸ் பொண்ணு, ஐயா தூங்கிட்டீங்களா, அமுக்குங்கன்னு சொல்லுது. இவரு, புள்ளி வந்தாத்தானேம்மா அமுக்குவேன்னு சொல்றாரு.”

காகிதத்தில் படம் வந்ததாம். இரண்டு வட்டம். முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் கோட்டுப் பொத்தான் அளவுக்கு வெள்ளை. டாக்டரம்மா நல்லவர், உட்காரவைத்து விளக்கினாராம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது. ஓரம் பூராவும் போய்விட்டது. நடுவில் துல்லியமாகத் தெரிவதால்தான் இத்தனை நாளாக அவருக்கே தெரியவில்லை. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற மூன்று வேளையும் சொட்டு மருந்து விட வேண்டும். வண்டி ஓட்டவே கூடாது.

“அவரு என்ன சொன்னாரு அண்ணி?”

“மெஷின் ரிப்பேருன்னாரு.”

இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு மட்டுமே வரக்கூடிய பிசகு அது. பைனாகுலரில் தெரிவதும் நடுவில் ஒரு வட்டம்தான். டெலஸ்கோப்பிலும் அதேதான். முப்பது வருஷமாக ஓரத்தைத் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பார்த்தே பழகியவர். கண்ணே குழாயாகிப்போனபோது அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தன் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பைனாகுலரை எடுத்தார். பைனாகுலர் ஒவ்வொரு தடவையும் அவரை ஜெயிக்கவைத்தது.

“வா இங்க” என்று என்னையும் கூப்பிட்டு ஒரு நாள் நிரூபித்தார். தெருக்கோடி மின்கம்பியில் பஞ்சுருட்டான் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரு பச்சைப் பொட்டாகத்தான் தெரிந்தது. “வாய்ல இருக்கிறது தேனீ இல்ல, தட்டான். சிவப்புத் தட்டான். ஒரு றெக்கை ஒடிஞ்சிருக்கு. இந்தா, நீயே பாரு.”

பார்த்தேன். சிவப்புத் தட்டான்தான், ஒரு இறக்கை ஒடிந்துதான் இருந்தது.

“குருடன் பாக்கிற பார்வையா இது? சொல்லு.”

“அண்ணே, வேணும்னா வண்டிக்கு ஒரு டிரைவர் போட்டுட்டு நீங்க பக்கத்துல உக்காந்து…”

“வேற எவனோ ஓட்டினா அவன் வேகத்துக்குத்தான் எனக்குப் பறவை. ஓட்டிக்கிட்டே பாக்கிறதுதாம்மா என் தொழில். அது இல்லேன்னா நானும் மத்த நாலு பேரும் ஒண்ணுதான். எதுக்கு என்னத் தேடி வரணும்?”

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தேன். நீட்டிய இடம் அவருக்கு வலது பக்கமாகப் போய்விட்டது. அவர் கை முன்னால் காற்றில் காத்திருந்தது. நான் அதை அவர் கையில் கொண்டுபோய் வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சொட்டு மருந்தையும் ஒழுங்காக விடவில்லை. விட்டால் கண் எரிந்து, ஒரு மணி நேரத்துக்குப் பனி படர்ந்தமாதிரி ஆகிவிடுமாம். பறவை நன்றாகத் தெரிகிற நேரமே விடிந்த ஒரு மணி நேரம்தான். அதனால் பயண நாட்களில் மருந்து கிடையாது. வாரத்தில் நாலு நாள் பயணம்.

“மிச்சக் கண்ணையும் நீங்களே நோண்டி எறிஞ்சுடுங்க” என்று அண்ணி கத்துவாள். “உங்களுக்காகச் சொல்லல. ஏத்திக்கிட்டுப் போறீங்களே எட்டு உசுரு, அதுக்காகச் சொல்றேன். ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் என்ன பாவம் பண்ணினான்?”

“இதுவரைக்கும் ஒரு கோழிய அடிச்சிருக்கேனா?”

கோழியை அடித்ததில்லைதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினார். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அண்ணி வாசலில் நிற்பாள். பிறகு கொல்லைக்கு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிடுவாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஆளே பாதியாகிவிட்டாள். அவள் ஜாக்கெட்டை நான்தான் பிடித்துக் கொடுத்தேன், இரண்டு தடவை.

மலைக்குப் போகும் இரண்டு நாள் பயணம் வந்தபோது அவள் ஒரு முடிவு செய்தாள். “நானும் வர்றேன். முன் சீட்டு எனக்கு” என்றாள். அண்ணன் முறைத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். எனக்குத் தோன்றுகிறது, அந்த இடத்தில் அவருக்கும் உள்ளூர ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அண்ணி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். பின்னால் ஒரு சீட்டு காலியாக இருந்தது. தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது. போட்டுவிட்டுப் போனேன்.

பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, வங்கி மேனேஜரும் அவர் மனைவியும், பல் டாக்டர் ஒருவர், அவருடைய இரண்டு நண்பர்கள். அண்ணன் ஓட்டினார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

“இடது பக்கம் சைக்கிளு. ஓரமா போகுது, போங்க. இடது பக்கம் மாடு. நிக்குது. ரெண்டு பொம்பளைங்க தண்ணிக் குடத்தோட. நகந்துட்டாங்க. வலது பக்கம் லாரி வெளிய வருது, நில்லுங்க. நில்லுங்கங்கிறேன்.”

“அண்ணி லைசென்ஸ் எடுத்துடலாமே” என்றார் பல் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். புருஷனை நம்பாத பெண்டாட்டி என்று மேனேஜரின் மனைவி கேலி செய்தாள். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதும் கண்ணை ரோட்டைவிட்டு எடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் கழுத்து நரம்பு தெரிந்தது.

மலையில் முதல் நாள் சுமாராகத்தான் போனது. இருவாச்சி ஒன்று இடது பக்கமாகப் பள்ளத்தாக்கின் மேல் பறந்து போனது. அது போகும்போது ரயில் போகிறமாதிரி இறக்கை சத்தம் கேட்கும். எல்லாரும் கூவிக்கொண்டு காமிராவைத் தூக்கினார்கள். அண்ணன் சத்தம் வந்த பக்கம் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். அவர் கண் பிடிப்பதற்குள் அது மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. “பாத்தேன், பாத்தேன், ஆண் பறவை” என்றார். அவர் பார்க்கவில்லை. பார்க்காத பறவையைப் பார்த்தேன் என்று சொல்வது இந்தக் கூட்டத்தில் களவுக்குச் சமம். அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை எல்லாருக்கும் வேண்டியது தவளைவாயன். காய்ந்த இலையின் நிறத்தில் ஒரு பறவை. பகல் பூராவும் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு தூங்கும். இரண்டடி தள்ளி நின்றாலும் இலை என்றுதான் நினைப்போம். அது இருக்கும் காட்டுக்கு முன்னால் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். பனி. கை விறைத்தது. ஆசிரியை அம்மாவின் கால்சராயில் அட்டை ஏறிவிட்டது. அவர் வண்டியின் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டி, அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு உப்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றேன். அண்ணி பின்னால் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்துகிறேன் என்று ஏறினார். அந்த அம்மா உட்கார்ந்திருந்த கல்லைத் தாண்டித்தான் நடந்து போனார். ஸ்டார்ட் செய்தார். ஸ்டியரிங்கை ஒடித்தார். சக்கரம் இடது பக்கம் திரும்பியது, உருண்டது.

என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. நான் அளவெடுத்துப் பிழைக்கிறவள். சக்கரத்துக்கும் அந்த அம்மாவின் முழங்காலுக்கும் ஒரு முழம் இருந்தது, பிறகு முக்கால் முழம், அரை முழம். அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி எப்படி உணர்ந்தாளோ தெரியாது, பின்னாலிருந்து வண்டியின் தகரத்தில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். வண்டி நின்றது.

ஆசிரியை அம்மா எழுந்து நின்றார். கையில் உப்பு அப்படியே இருந்தது.

“பாத்தேன், பாத்தேன்” என்று இறங்கி வந்தார் அண்ணன். “நிறுத்தத்தான் போனேன். அதுக்குள்ள இவ டமாருன்னு அடிக்கிறா.”

மேனேஜர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அண்ணன் அதற்குள் காட்டுக்குள் நடந்துவிட்டார். பத்து நிமிஷத்தில் கையைத் தூக்கி நிற்கச் சொன்னார். முக்காலியை நட்டு டெலஸ்கோப்பைத் திருப்பினார். “மூணாவது கிளை. ஒண்ணு இல்ல, ரெண்டு. ஜோடி.” ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜரின் மனைவி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “முப்பது வருஷமா தேடிட்டு இருந்தேன்” என்றாள். ஆசிரியை அம்மாவும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பட்டியலில் கோடு போட்டார். ஒரு ஜோடித் தவளைவாயன் அந்தச் சக்கரத்தை எல்லாருடைய மனசிலிருந்தும் துடைத்துவிட்டது.

இறங்கும்போது நாற்பது வளைவு. அண்ணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் குரல் வராமல், இடது என்றால் அவர் தொடையில் ஒரு தட்டு, வலது என்றால் இரண்டு தட்டு தட்டிக்கொண்டே வந்தாள்.

ஊர் வந்த மறுநாள் கொல்லையில் அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டெலஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை உப்பளம் வேண்டாங்க” என்றாள்.

“எட்டுப் பேரு ஒத்துக்கிட்டாங்க.”

“அந்தம்மா காலு போயிருக்கும்.”

“போகல இல்ல.”

“நான் தட்டினதால போகல. நான் எத்தனை நாளைக்குத் தட்டுவேன்?”

“நீ வராத. நீ பக்கத்துல உக்காந்து கத்தறதுல தான் எனக்குக் கவனம் சிதறுது.”

“உங்க கால்ல விழுறேன். வண்டிய வித்துடலாம். நான் நாலு வீட்டுல சமைக்கிறேன். இவகூட உக்காந்து பட்டன் தைக்கிறேன்.”

“நீ சமைச்சுப் போட்டு நான் கொல்லையில உக்காந்து மைனா எண்ணணுமா? அதுக்கு ஒரே அடியா என்னக் கொண்டுபோய்ப் பொதச்சுடு.”

சொல்லிவிட்டு வாடிக்கைக்காரர் யாருடனோ போனில் பேச முன் வாசலுக்குப் போனார். அண்ணி நேரே சுவரோரம் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

பறவை பார்க்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. நானூறு பேருக்கு மேல். அண்ணன் பயண அறிவிப்பு போடுவது அதில்தான். கொல்லைப் பட்டியலை அனுப்புவதற்காக அண்ணியையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்.

“நான் சொல்றேன், நீ எழுது.”

“அண்ணி, யோசிச்சுக்கங்க. இது போச்சுன்னா திரும்ப வராது.”

“ஆறு மாசமா யோசிக்கிறேன். எழுது. ‘என் கணவருக்கு நடுவில் மட்டும்தான் கண் தெரியும். பக்கத்தில் தெரியாது. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரும் அவர் வண்டியில் ஏறாதீர்கள்.’ அவ்வளவுதான்.”

எழுதினேன். அவள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தன் விரலாலேயே அனுப்பினாள். பிறகு துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். முன் வாசலில் அண்ணன் பேச்சு பாதியில் நின்றது. அவர் போன் ஒரு தடவை மணி அடித்தது, பிறகு விடாமல் அடித்தது.

வருத்தம் சொன்னார்கள். கும்பிடு படம் போட்டார்கள். வெள்ளிக்கிழமைக்காரர்கள் எட்டுப் பேரும் அரை மணி நேரத்தில் விலகிக்கொண்டார்கள். வேறு ஒரு வண்டிக்காரரின் போன் நம்பரை யாரோ போட்டார்கள். மலைக்கு எங்களோடு வந்த பல் டாக்டர், ‘மிகவும் வேதனையாக இருக்கிறது, அந்தத் தவளைவாயன் இருந்த மரத்தை யாராவது குறித்து வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்டிருந்தார். அதற்கு மூன்று பேர் பதிலும் போட்டிருந்தார்கள்.

அண்ணன் கொல்லைக்கு வந்தார். நான் மெஷினிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் ஓங்கவில்லை. அவளைத் தேடினார். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கல்லில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமானது.

“முப்பது வருஷம்” என்றார்.

அதன்பிறகு அவளோடு பேச்சில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், அதுவும் பாதி. மருந்து விட அவள் கிட்டே போனால் தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொள்வார். பன்னிரண்டு நாள் கழித்து வண்டியை விலைக்கு வாங்கி எடுத்துக்கொண்டு போக ஒருவன் வந்தான். அண்ணி துடைத்த ஈரம் காய்வதற்குள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணன் வெளியே வந்து பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் அப்போது ஒன்றுமே இல்லை. நான் என் ஜன்னலைச் சாத்திவிட்டேன். திறந்து வைத்துக்கொண்டு எப்படித் தைப்பது.

அண்ணி பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். மதியம் வந்து எனக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். “தப்புப் பண்ணிட்டேனா?” என்று தினமும் ஒரு தடவை கேட்பாள். “இல்ல அண்ணி” என்பேன். மறுநாளும் கேட்பாள்.

அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அண்ணி கொல்லைத் தரையில் கொஞ்சம் தானியம் இறைத்துவிட்டு அவர் ஸ்டூலுக்கு இடது பக்கம், எட்டினால் தொடுகிற தூரத்தில், நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சில்லைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. உள்ளங்கையில் அடங்குகிற பழுப்புக் குருவிகள். பேச்சில்லாவிட்டாலும் நோட்டு நின்றதில்லை. அவர் காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்வார், அவள் எழுதிக்கொள்வாள்.

“சில்லை. நாலு” என்றார்.

அவள் எழுதவில்லை. “பதினொண்ணு” என்றாள்.

“நாலுதான் இருக்கு. செம்பருத்திக்குக் கீழ.”

“செம்பருத்திக்குக் கீழ நாலு. உங்க இடது காலுக்குக் கிட்ட ஏழு. திரும்பாதீங்க, பறந்துடும்.”

அவர் கழுத்து திரும்பப் போனது, அப்படியே நின்றது. செருப்பு நுனியிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. ஏழும் அவர் நிழலில் நின்று தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் செருப்பு வாரைக்கூட ஒரு தடவை கொத்திப் பார்த்தது. நான் மூச்சு விடாமல் பார்த்தேன். திரும்பினால் பறந்துவிடும், திரும்பாவிட்டால் தெரியாது. அவர் நேரே செம்பருத்தியைப் பார்த்தபடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

“அன்னைக்கு மலையில” என்றார். “அந்த டீச்சரம்மா. எவ்வளவு கிட்ட இருந்தாங்க?”

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை மாதமாக நான் விழுங்கி வைத்திருந்தது அப்போதுதான் தொண்டைக்கு வந்தது.

“ஒரு சாண் அண்ணே” என்றேன் ஜன்னலிலிருந்து. “சக்கரத்துக்கும் முழங்காலுக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு.”

“நான் பாக்கல” என்றார்.

“தெரியும் அண்ணே.”

“இருவாச்சியையும் பாக்கல.”

சில்லைகள் எழுந்து சுவரைத் தாண்டிப் போயின. அவர் இன்னும் திரும்பவில்லை. கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பதினொண்ணுன்னு எழுது” என்றார். “பாத்தது நீதான். உன் பேரப் போடு.”

அவள் எழுதினாள். எழுதும்போதே கண்ணாடிக்குள் தண்ணீர் வழிந்து நோட்டில் விழுந்தது. சத்தமே இல்லாமல் அழுதாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றாள். அவருக்குத் தெரியவில்லை.